செவிட்டு ராஜாவைப் பற்றி நான் எழுதிய இரண்டரைப் பக்கம்

1. நாற்பது பிரதிகள்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் தோணிகளில் ஏறும் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பார்ப்பது சுங்க இலாகாவில் எங்கள் செக்‌ஷனின் வேலை. கருப்பட்டிச் சிப்பத்துக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்போம். கருவாட்டு மூட்டையைக் குத்துவதற்கு யாரும் முந்திக்கொண்டதில்லை. அச்சடித்த காகிதம் எதுவானாலும், பஞ்சாங்கமே ஆனாலும், அது என் மேஜைக்கு வந்துவிடும். செக்‌ஷனில் இருந்த ஏழு பேரில் நான் ஒருவன்தான் இலக்கியம் எடுத்து பி.ஏ. படித்தவன். அந்தப் படிப்பால் ஒரு மனிதரின் வாழ்க்கை கெட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அலுவலகங்களுக்குப் புதிதாக வருகிறவர்கள், அதிலும் தங்களுக்கு நன்றாக எழுத வரும் என்று நம்புகிறவர்கள், இதைப் படிப்பது நல்லது.

முதலில் நடைமுறை. ஒரே புத்தகம் ஒரு டஜனுக்கு மேல் ஒரே விலாசத்துக்குப் போனால் பார்சலை நிறுத்தி வைத்துக் 'கன்டென்ட் நோட்' எழுத வேண்டும். அதற்கென்று அச்சடித்த பாரம் உண்டு. நூலின் பெயர், ஆசிரியர், அனுப்புகிறவர், பெறுகிறவர், நான்கு வரிக்கு மிகாமல் சுருக்கம், கடைசியில் 'ஆட்சேபம் உண்டு / இல்லை'. வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பத்து நிமிட வேலை.

அன்று சாக்கைப் பிரித்தபோது உள்ளே இருந்தவை 'சங்கசேகர ராஜன் சரித்திரம்' நாற்பது பிரதிகள். அந்த நாவலை அறியாத வீடு அப்போது எங்கள் கடற்கரைப் பக்கத்தில் கிடையாது. எழுதியவர் செத்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. கதை இதுதான். கடற்கரைப் பட்டணம் ஒன்றுக்கு ஒரு ராஜா. அவருக்குக் காது கேட்காது. மந்திரிமார் அதை ஊருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறார்கள். குடிகள் வந்து முறையிடும்போது ராஜா தலையை ஆட்டுவார். அந்த ஆட்டலுக்கு மந்திரி பொருள் சொல்லுவார். ராஜாவுக்கு வெண்குடை பிடிக்கிறவன் ஆயுள் முழுக்க வெயிலில் நிற்கிறான். முத்துக் குளிக்கிறவர்கள் அரண்மனையின் பின்வாசலோடு நிற்க வேண்டும். அவர்கள் எடுத்த முத்து முன்வாசல் வழியாகப் பல்லக்கில் போகும். கடைசி அத்தியாயத்தில் ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தோணியில் ஏறுகிறார். கடலுக்கு அடியில் முத்துக் குளித்துக்கொண்டிருக்கும் ஒருவனுடைய கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்கிறார். அத்தோடு கதை முடிகிறது.

அனுப்பியவர் கபிரியேல் வாத்தியார். கடற்கரையில் ஓர் ஓலைக் கொட்டகை போட்டு, சங்கு குளிக்கிற ஆட்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர். முத்துக்குளிப்பு நடந்து வெகுகாலம் ஆகியிருந்தது. சங்குதான் அந்த ஆட்களின் பிழைப்பு. இந்த நாவல்தான் அவருக்குப் பாடப்புத்தகம். அவரிடம் படித்த சிலர் கொழும்புத் துறைமுகத்தில் தோணி வேலைக்குப் போய், அங்கே தங்கள் கூட்டத்தாருக்குச் சொல்லிக்கொடுக்கப் புத்தகம் கேட்டிருந்தார்கள். பெறுகிறவர் என்று பாரத்தில் எழுதியிருந்தது அவர்களில் ஒருவர் பெயரைத்தான்.

'ஆட்சேபம் இல்லை' என்று பாரத்தை முடித்து சூப்பரின்டெண்டென்டிடம் கொண்டு போனேன்.

2. பென்சில் கோடுகள்

எங்கள் சூப்பரின்டெண்டென்ட் திருநெல்வேலிக்காரர். கெட்டவர் இல்லை. எந்தக் காகிதமும் தன்னிடம் ஒரு நாளைக்கு மேல் தங்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய கொள்கை.

"என்னவே, ராஜா கதையா?"

"ஆமா சார். பழைய கதை."

"ராஜா சாகுதானா?"

"இல்ல சார்."

"பொறகென்ன, விட்டுத் தள்ளும்."

பேனாவை எடுத்தவர், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு பிரதியைப் புரட்டினார். கை நின்றது.

"இது என்னதுவே, ஓரத்துல கோடு?"

பக்கங்களின் ஓரத்தில் சில இடங்களில் ஒற்றைக் கோடும் சில இடங்களில் இரட்டைக் கோடுமாகப் பென்சிலால் போட்டிருந்தது. இன்னொரு பிரதியை எடுத்தோம். அதே வரிகளுக்கு எதிரே அதே கோடுகள். நாற்பதிலும் அப்படியே.

"ரகசியக் குறியா இருக்குமோ?" என்றார்.

அந்த இடத்தில் நான் 'தெரியவில்லை, அனுப்பியவரைக் கேட்போம்' என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் நடைமுறையில் இடம் உண்டு. நடைமுறைப் புத்தகத்தில் பதினைந்து வரி தள்ளி அது விதியாகவே இருந்தது. ஆனால் தெரியவில்லை என்று சொல்வதற்காகவா பாளையங்கோட்டையில் நான்கு வருஷம் படித்தேன்?

"ரகசியக் குறி இல்ல சார். படிக்கிறவங்க முக்கியமான வரிக்குப் பக்கத்துல கோடு போடுவாங்க. ரொம்ப முக்கியம்னா ரெண்டு கோடு. நானே போடுவேன்."

"அப்பம் அந்த முக்கியம் என்னான்னு எழுதிக் கொண்டாரும்."

மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். கோடு போட்ட வரிகளை எல்லாம் தனியே எழுதி எடுத்தேன். குடைக்காரன் வெயிலில் நிற்கும் இடத்தில் ஒற்றைக் கோடு. மந்திரி தலையாட்டலுக்குப் பொருள் சொல்லும் இடத்தில் இரட்டைக் கோடு. பின்வாசலில் ஒன்று. கயிற்றைப் பிடிக்கும் வரியில் இரண்டு. கோடே இல்லாத முக்கியமான இடங்களும் இருந்தன. நிலவையும் பூவையும் வர்ணிக்கும் இடங்களில் கோடுகள் இருந்தன. அவற்றை நான் விட்டுவிட்டேன், வாதத்துக்கு உதவவில்லை.

பாரத்தில் நான்கு வரிதான் இடம். நான் இரண்டரைப் பக்கம் இங்கிலீஷில் டைப் அடித்து இணைத்தேன். செவிட்டு ராஜா என்பது குடிகளின் முறையீட்டைக் கேட்காத சர்க்கார். மந்திரி என்பது அதன் பெயரால் பேசும் உத்தியோகஸ்தர். குடை என்பது உழைப்பவனுக்குக் கிடைக்காத பாதுகாப்பு. முன்வாசலும் பின்வாசலும் சமூகத்தின் இரண்டு வகுப்புகள். இவ்வளவோடு நிறுத்தியிருந்தாலும் தப்பித்திருக்கலாம். முத்தாய்ப்பாக ஒரு வாக்கியம் வேண்டும் என்று தோன்றியது. 'இறுதியில் மன்னன் கையில் வரும் கயிறு, அவனுக்காகவே திரிக்கப்பட்டு வரும் தூக்குக்கயிறு. அந்த வரிக்கு அனுப்புநர் இரட்டைக் கோடு இட்டிருப்பது கவனிக்கத்தக்கது' என்று எழுதினேன். இங்கிலீஷில் அது இன்னும் அழகாக இருந்தது. டைப் அடித்துவிட்டு இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன்.

3. "குடை யாரு?"

மேலிடத்துக்குப் போன நோட் எட்டாம் நாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று இருந்தது. கூடவே விசாரணைக்கு உத்தரவு. ஆசிரியர் செத்துப்போயிருந்ததால் அவரைப் பிடிக்க வழியில்லை. அனுப்பியவரைக் கூப்பிட்டார்கள்.

கபிரியேல் வாத்தியாருக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, சட்டைப் பையில் ஒரு பென்சில். அந்தப் பென்சிலையே சாட்சிப் பொருளாக எடுத்து வைத்தோம். சூப்பரின்டெண்டென்ட் கேட்டார், நான் எழுதினேன்.

"இந்த ராஜா யாருவே?"

"சங்கசேகர ராஜா, ஐயா."

"அது தெரியும். நெசத்துல யாரு?"

"நெசத்துல ராஜாவே கெடையாதே ஐயா. கதையில்லா?"

"குடை யாரு?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். தன் காதில்தான் தவறாக விழுந்துவிட்டதோ என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"குடை குடைதான் ஐயா. வெயிலுக்குப் பிடிக்கது."

"சரி, இந்தக் கோடு?"

"அது மூச்சுக்கு ஐயா."

"மூச்சுக்கா?"

"நம்ம பயலுவ கடலுக்குள்ள போற ஆளுக. எழுத்தக் கண்டா மெரளுவானுவ. மூச்சுக் கணக்குல சொன்னா வாசிச்சிருவானுவ. ஒத்தக் கோடு வந்தா தம் விடாம கொஞ்சம் நின்னு வாசிக்கணும். ரெட்டக் கோடு வந்தா மேல வந்து மூச்சு விடணும். கயித்துல ரெண்டு இழுப்பு இழுத்தாத் தூக்குவோமே, அத மாதிரி."

சூப்பரின்டெண்டென்ட் சிரித்துவிட்டார். "நல்லாச் சோடிக்கீருவே. கதை எழுதப் போகலாம் நீரு."

நானும் சிரித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். விசாரணைக் குறிப்பில் 'விளக்கம் நம்பத்தக்கதாக இல்லை' என்று என் கையால் எழுதினேன்.

போகும்போது வாத்தியார் ஒன்றுதான் கேட்டார். "புத்தகம் போகாட்டாலும் சரி ஐயா. கொட்டகைய மட்டும் பூட்டிராதீங்க. இஞ்ஞாசி இப்பம்தான் எழுத்துக் கூட்டி வாரான்."

ஒரு வாரத்தில் யுத்த காலச் சட்டத்தின் கீழ் அவரைக் காவலில் வைத்தார்கள். கொட்டகையைப் பூட்ட உத்தரவானது. உள்ளே இருப்பதைப் பட்டியல் எடுக்க என்னை அனுப்பினார்கள். நோட் எழுதியவருக்குத்தானே விஷயம் தெரியும்.

4. இஞ்ஞாசி வாசித்தது

பிற்பகல் மூன்று மணி. சங்குத் தோணிகள் கரை வந்திருந்தன. கொட்டகையில் ஒரு பலகை, இரண்டு பெஞ்சு, மேரி மாதா படம், ஆறு பிரதிகள். நான் எழுதிக்கொண்டிருந்தபோது ஓர் ஆள் வாசலில் வந்து நின்றான். முப்பது வயது இருக்கும். தலையில் கடல் தண்ணீர் காயவில்லை. அவன்தான் இஞ்ஞாசி, வாத்தியாருடைய மனைவியின் தம்பி.

"மச்சான் எப்பம் வருவாரு?" என்றான்.

"எனக்குத் தெரியாது."

"என்ன?"

"தெரியாதுன்னேன்."

"சத்தமாச் சொல்லும். எனக்கு எடது காது அடைப்பு."

சத்தமாகச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டான். பெஞ்சில் இருந்த பிரதி ஒன்றைக் கேட்காமலே எடுத்தான்.

"நீரு படிச்ச ஆளுதான? நான் வாசிக்கேன், சரியான்னு சொல்லும். மச்சான் இல்லாம பாடம் விட்டுப் போச்சு."

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். கடலில் இறங்குகிறவன் இழுக்கிற அதே இழுப்பு. விரலை வரியில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தான். ஒற்றைக் கோட்டில் விரல் ஒரு கணம் நின்றது, மூச்சை விடவில்லை. இரட்டைக் கோட்டை எட்டியதும் முகத்தை மேலே தூக்கி 'ஹா' என்று விட்டான். வேர்த்திருந்தது. சிரித்தான்.

"ஒரு தம்முல அஞ்சு வரி. போன மாசம் மூணுதான்."

நிலவு வர்ணனையிலும் கோடு இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு மூச்சுக்கு எவ்வளவு வாசிக்கலாம் என்று அளந்து போட்ட கோடுகள். சில முக்கியமான வரிகளுக்கு எதிரே விழுந்தன. பல சாதாரணமான வரிகளுக்கு எதிரே விழுந்தன. எனக்கு வேண்டியவற்றை நான் பொறுக்கிக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் ராஜாவுக்குக் காது கேக்கல?" என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"என்ன கேள்வி கேக்கீரு? குளிச்சவனுக்குக் காது போகாம? ஏழு பாகம், எட்டுப் பாகம் ஆழம் போனா காதுக்குள்ள டப்புனு வெடிக்கும். ரெத்தம் வரும். எங்க அப்பனுக்கு ரெண்டும் போச்சு."

"ராஜா எங்கே குளிச்சார்?"

"மூணாம் அத்தியாயம் வாசிக்கலயா நீரு? எளவட்டத்துல அரமனைய விட்டு ஓடி வந்து ஒரு முத்துக்காலம் முழுக்க எங்க ஆளுகளோட குளிச்சவருல்லா. கூட இருந்து ஒரே சட்டியில கஞ்சி குடிச்சவரு. அது வெளிய தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான மந்திரிப் பயலுவ காது விசயத்த மறைக்கானுவ. செவிடுன்னு தெரிஞ்சா, ஏன் செவிடுன்னு கேப்பாங்களே."

மூன்றாம் அத்தியாயத்தை நான் வாசித்திருந்தேன். இளவரசனின் விளையாட்டுப் பருவம் என்று வேகமாகத் தள்ளிவிட்டேன். நாவலின் முடிச்சே அங்கேதான் இருந்தது. குளிகாரர்களைப் பின்வாசலில் நிறுத்துகிற அரண்மனையில், அவர்களுடைய நோயைக் காதுக்குள் வைத்துக்கொண்டு ஒரு ராஜா உட்கார்ந்திருக்கிறார்.

"கடைசியில கயித்தப் பிடிக்கிறாரே, அது எதுக்கு?"

இஞ்ஞாசி என்னை இரக்கத்தோடு பார்த்தான். "கூப்பிட்டாக் கேக்காது. கயித்த இழுத்தாக் கைக்குத் தெரியுமில்லா? செவிடனும் கயிறு பிடிக்கலாம்யா. எங்க அப்பன்தான் எனக்குப் பிடிக்காரு."

பட்டியலில் 'பிரதிகள் ஆறு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இஞ்ஞாசி முதல் முறையாகக் கைநாட்டு வைக்காமல் பெயரை எழுதினான். கொட்டகையைப் பூட்டி அரக்கு வைத்தேன்.

5. இரண்டாவது நோட்

மறுநாள் சூப்பரின்டெண்டென்டிடம் போய் என் நோட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன்.

"ஃபைல்ல ஏறுன காகிதத்த எறக்க முடியாதுவே. உமக்குத் தெரியாததா?"

தெரியும். இறக்க முடியாது, மேலதிகக் குறிப்பு சேர்க்கலாம். எழுதினேன். கோடுகள் மூச்சளவுகள் என்றும், செவிடு என்பது சங்குகுளிகாரர்களுக்கு வரும் நோய் என்றும், கயிறு கயிறே என்றும் எழுதினேன். அவசரத்தில் எழுதியது. முதல் நோட்டில் இருந்த நடை இதில் இல்லை. உண்மையை எழுதும்போது எனக்கு நடை வரவில்லை.

பதில் வர ஒரு மாதம் ஆனது. முதல் குறிப்பு தெளிவாகவும் ஆழமாகவும் இருப்பதாகவும், இரண்டாவது குறிப்பு அதற்கு முரணாகவும் உணர்ச்சிவசப்பட்டும் இருப்பதாகவும், குறிப்பு எழுதியவருக்கு உள்ளூரில் ஏதேனும் நெருக்குதல் உண்டா என்று விசாரிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். சூப்பரின்டெண்டென்ட் அதை மடித்து என் கையில் கொடுத்தார்.

"பேசாம இரும்வே. ஒரு ஆளு உள்ள இருக்கது போதும். ரெண்டு ஆளா ஆக்காதீரு."

பேசாமல் இருந்தேன். அவர் சொன்னதால் அல்ல, பயத்தால்.

6. திரும்பி வந்தவர்

பதினோரு மாதம் கழித்து கபிரியேல் வாத்தியாரை விட்டார்கள். நெஞ்சுச்சளியோடு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலில் பூசை முடிந்து அவர் வீடு திரும்பிய பிறகு போனேன். இஞ்ஞாசியும் இருந்தான். வாத்தியார் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை.

"அந்த நோட்டை எழுதினது நான்தான்."

"தெரியும் தம்பி. அடியில உம்ம கையெழுத்து இருந்துச்சே. எனக்கும் ஒரு நகல் குடுத்தாங்க. குடுக்கணும்னு சட்டமாம்."

"தப்பா எழுதிட்டேன்."

"நல்லாத்தான் எழுதியிருந்தீரு. எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். உள்ள இருந்த ஒரு வக்கீல் அர்த்தம் சொன்னாரு. வாசிக்க வேற ஒண்ணும் குடுக்கல. பதினோரு மாசமும் அதத்தான் வாசிச்சேன்." இருமல் வந்து நின்றது. "ஒவ்வொரு வரியும் மனப்பாடம் எனக்கு."

கொட்டகையின் அரக்கை எடுக்க நானே மனு எழுதித் தருகிறேன், எந்தப் பாரம், யாருக்கு, எத்தனை பிரதி என்று எல்லாம் எனக்குத் தெரியும் என்றேன்.

"அது வேண்டாம்."

"ஏன்?"

"வந்த அன்னைக்கே கதையத் தொறந்து பாத்தேன் தம்பி. ராஜா கயித்தப் பிடிக்காரு. எனக்குத் தூக்குமேடதான் தெரியுது. குடைன்னு வாசிச்சா பாதுகாப்புன்னு மனசுல ஓடுது. குடை பிடிச்சிட்டு நின்னாம்லா ஒருத்தன், அவனக் காணல. முப்பது வருசமா எனக்குத் தெரிஞ்ச ஆளு. தேடித் தேடிப் பாக்கேன், அந்தப் பக்கத்துல அவன் இல்ல." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பயலுவ பாடம் கேக்கானுவ. நான் வாசிச்சா அவனுவ காதுல உம்ம நோட்டுதான் போயி விழும்."

இஞ்ஞாசிக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. மச்சானின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் வந்து வாசிக்கிறேன்," என்றேன். அவனுக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை தோறும் வர்றேன்."

அவன் யோசித்தான். மரியாதையாகவே சொன்னான். "நீரு வேண்டாம்யா. உமக்கு அதுல வேற என்னமோ தெரியுது."

அதன்பிறகு எனக்கு இரண்டு பதவி உயர்வுகள் வந்தன. இரண்டிலும் என் குறிப்பெழுதும் திறமையைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். ஓய்வு பெறும்வரை நூற்றுக்கணக்கான நோட்டுகள் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சம்பந்தப்பட்ட ஆளை வரவழைத்து, எதிரே உட்காரவைத்து, அவர் சொல்லி முடிக்கிறவரை பேனாவைத் திறக்காமல் இருந்தேன். வேலை தாமதமாகிறது என்று விளக்கம் கேட்டு மெமோ வந்ததுண்டு. விளக்கம் கொடுத்தேன். இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்: ஒரு பொருள் எதைக் குறிக்கிறது என்று எழுதுமுன், அதைத் தினமும் கையில் பிடிக்கிறவனிடம் போய் அது என்ன என்று கேளுங்கள். அவன் சொல்வது அழகாக இல்லாவிட்டாலும் அதையே எழுதுங்கள்.

விடுதலையான பின் வாத்தியார் மூன்று வருஷம் உயிரோடு இருந்தார்; கொட்டகை பூட்டியே கிடந்தது. சங்கு சேமித்து வைக்கும் கிட்டங்கியில் அதைத் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனார். வழியில் கண்டால் நின்று என் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார். அவர் அடக்கத்துக்குப் போயிருந்தேன். சங்கு குளிக்கிற ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கோவிலில் ஜெபப் புத்தகத்தைக் கொடுத்து, குடும்பத்தில் யாராவது வாசிக்கலாம் என்று சாமியார் சொன்னார். புத்தகம் இஞ்ஞாசியின் கைக்கு வந்தது. வாங்கினான். பக்கத்தின் ஓரத்தில் விரலை ஓட்டிக் கோடு தேடினான்; இல்லை. பிறகு பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டான்.